லின்சிக்கு ஒத்துக்கொள்ளும் பவுடர்

மகள் இறந்த மறுநாள் காலை அற்புதசாமி பவுடர் வாங்கக் கிளம்பினார்.

கேட்டவர்களுக்குத் தங்கள் காதுகளையே நம்ப முடியவில்லை. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்குக் கோவில்காரர்களும் ரயில்வே பணிமனை ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருபத்தாறு வயது லின்சி படுத்திருக்கிறாள். பெற்ற தகப்பன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரில் சாய்ந்து கிடந்துவிட்டு, விடிந்ததும் பைக் சாவியைத் தேடினால் பொன்மலைப்பட்டி என்ன நினைக்கும்? மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைக்கும். நினைத்தது.

அவருடைய அக்கா சவரியம்மாதான் வழிமறித்தாள். நல்ல மனுஷி. சாவு வீடோ கல்யாண வீடோ, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டால் எல்லாம் நடக்கும். அலமாரியிலிருந்து ரோஜா வாசனை டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பவுடர்தானடா தம்பி? வீட்டுலயே இருக்கு பாரு. புது டப்பா."

"அது அவளுக்கு ஒத்துக்காதுக்கா."

"ஒத்துக்காதுன்னா?"

"பரு வரும்."

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சவரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியின் மேல் தலை சாய்த்திருந்த அவர் மனைவி லூர்துராணி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "எம்புள்ளையே போயிட்டா. இவருக்குப் பவுடர் கேக்குது," என்று சொல்லிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கல்யாணமாகாத பெண் இறந்துபோனால் மணப்பெண்ணாக அலங்கரித்து அனுப்புவது அவர்கள் வழக்கம். வெள்ளைப் பட்டு, தலையில் பூக்கிரீடம், கையில் பூச்செண்டு, முகத்துக்குப் பவுடர். மகன் ஆசீர் மஸ்கட்டிலிருந்து மத்தியானம் வந்து இறங்குகிறான். அவன் வந்ததும் அலங்காரம், பிறகு கோவில் சாமியார் வந்து ஜெபம், பிறகு கல்லறை. அதற்குள் போய்விட்டு வந்தாக வேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் அவ முகத்துல யாரும் எதையும் பூசக் கூடாது," என்றார் அற்புதசாமி. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அன்று அவர் குரலைக் கேட்டு வாசலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகத்தைப் பற்றிச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. பொன்மலை பணிமனையில் ஃபிட்டர். கையில் எந்நேரமும் கிரீஸ், முகத்தில் எந்நேரமும் எண்ணெய். காலையில் சோப்பு போட்டுக் கழுவினால் டீ குடித்து முடிப்பதற்குள் மூக்கும் நெற்றியும் பளபளக்கும். வாலிபத்தில் வந்த பரு போகும்போது கன்னமெங்கும் குழிகளை விட்டுப்போனது. "உம் மூஞ்சியைப் பிழிஞ்சா ஒரு இன்ஜினுக்குப் போடலாம் அற்புதம்," என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆண் பிள்ளை முகத்தை யார் கேட்கப்போகிறார்கள்? அதே முகம் ஒரு பெண்ணுக்கு வாய்த்தால்தான் ஊருக்கு நாக்கு நீள்கிறது.

வாய்த்தது. ஆசீருக்கு அம்மாவின் வழவழப்பான முகம். லின்சிக்கு அப்பாவின் முகம், அப்பாவின் மாநிறம், அப்பாவின் எண்ணெய். வயதுக்கு வந்த வருஷமே நெற்றியில் பொரிப்பொரியாகக் கிளம்பிக் கன்னம், தாடை என்று இறங்கியது. பருவுக்கு மருந்து சொல்லாத மனிதர் திருச்சியில் கிடையாது. பயத்தம்மாவு போடு என்றார்கள், வேப்பிலை அரைத்துப் போடு என்றார்கள், எலுமிச்சம்பழத்தைத் தேய் என்றார்கள். தேய்த்தாள், எரிந்தது. கோவில் பூசையின் நடுவில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லத் திரும்புகிற பெண்மணிகூடக் கை குவித்துச் சமாதானம் சொல்லிவிட்டு, "முகத்துக்கு ஏதாவது போடக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

"உங்க முகத்தை எனக்குக் குடுத்துட்டீங்களேப்பா," என்று லின்சி அடிக்கடி சொல்வாள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சில தடவை சிரிக்காமலும் சொல்லியிருக்கிறாள். கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பி வாங்கிக்கொள்ள முடிகிற சாமானா அது?

கோவிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த நாளில் அத்தை சவரியம்மாதான் அவளை அலங்கரித்தாள். எண்ணெய் வடியக் கூடாது என்று ரோஜா பவுடரைக் கொட்டி, அதன்மேல் இன்னொரு பூச்சு பூசி, சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி அனுப்பிவைத்தாள். பாசம்தான், அதில் சந்தேகமில்லை. வரிசையில் நின்ற லின்சியின் நெற்றியில் ஆயர் கட்டை விரலால் கிறிஸ்மா தைலம் தொட்டுச் சிலுவை போட்டார். தைலம் பட்ட இடத்தில் பவுடர் குழைந்து, வெள்ளை நெற்றியின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு சிலுவை எழுந்தது. அதைத் துடைக்கக் கூடாதே! பூசை முடிகிற வரை அந்த முகத்தோடு நின்றாள். போட்டோவும் எடுத்தார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அற்புதசாமி ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு லின்சி அழவில்லை. முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் முகமெங்கும் சீழ் கோத்த பருக்கள். "இனிமே என் முகத்துல யாரும் எதையும் பூசக் கூடாது," என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பவுடர் தேட ஆரம்பித்தார்கள். சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. சம்பள நாள் வந்தால் மற்ற அப்பாக்கள் மகளை ஓட்டலுக்கு அழைத்துப் போவார்கள். இவர் பைக்கில் வைத்துக்கொண்டு பாலக்கரை, சின்னக்கடைத் தெரு என்று ஃபேன்சி ஸ்டோர் ஃபேன்சி ஸ்டோராகப் போவார். ஒரு தடவை டப்பாவின் மேல் 'ஆயில் ஃப்ரீ' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம், "பவுடரை மட்டும் குடுக்குறீங்களே, ஆயில் எங்கங்க?" என்று நியாயம் கேட்டார். ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்று வாங்கிப் பழகிய மனிதர் வேறு எப்படிக் கேட்பார்? கடைக்காரர் விழித்தார். லின்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, நடைபாதையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எண்ணெய் இல்லாததுன்னு அர்த்தம்பா. நம்மகிட்ட இல்லாத எண்ணெயையா அவன் குடுக்கப் போறான்?"

வாங்கியதெல்லாம் ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஒன்று வாசனை தூக்கலாக இருந்து தடித்துவிட்டது. ஒன்று மத்தியானத்துக்குள் திட்டுத் திட்டாக ஒட்டியது. கட்டியாக அமுக்கி வைத்த பவுடரில் மெழுகு மாதிரி ஏதோ சேர்த்திருந்தது, மூன்றாம் நாள் தாடையில் பரு. இன்னொன்று முகத்தைச் சாம்பல் நிறமாக்கியது. கடைசியில் லின்சி தில்லைநகரில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஸ்ரீரங்கத்துப் பெண் ஜாஹ்னவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இதே எண்ணெய், இதே பரு. அவள்தான் தங்கள் ஊர்க் கடைக்கு லின்சியை அழைத்துப்போய் அந்தப் பவுடரைக் காட்டினாள். வாசனை கிடையாது, எண்ணெய் கிடையாது, தோலின் துளைகளை அடைக்காது, பூசினால் பூசியதே தெரியாது.

தினமும் காலையில் அவளைப் பஸ் நிறுத்தத்தில் விட பைக்கைக் கிளப்பி வைத்துக்கொண்டு அற்புதசாமி ஜன்னல் வழியே பார்ப்பார். முதலில் முகம் கழுவுவாள். மெல்லிய காகிதத்தை வைத்து எண்ணெயை ஒற்றி எடுப்பாள். பிறகு பஞ்சில் துளி பவுடரைத் தொட்டு ஒற்றுவாள். "தேய்க்கக் கூடாதுப்பா, ஒத்தணும்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். முடித்ததும் கண்ணாடியில் ஒரு தடவை தன்னைப் பார்த்துக்கொள்வாள். பத்து வருஷம் கண்ணாடியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்ட பெண், தன்னையே நேராகப் பார்த்து, போகலாம் என்கிற மாதிரி தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டால் அற்புதசாமிக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

பவுடர் தீர்ந்துபோயிருந்தது. "சனிக்கிழமை வாங்கணும்பா," என்று சொன்னவள் வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்தாள். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது, ஏறுகிறது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

காலி டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் காவிரிப் பாலத்தில் போனார். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் புதுப் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது, பஸ்காரன் ஹாரன் அடித்தான். உலகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவருக்கு அதைப் பார்க்கக் கோபமாக வந்தது.

ராஜகோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கடை. போனில் சொல்லியிருந்ததால் ஜாஹ்னவி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது அழுது கண் இமை தடித்திருந்தது. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நிச்சயமான பெண் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

"அம்மா விடவே மாட்டேங்கறா அங்கிள். கெஞ்சிப் பார்த்துட்டேன். இப்போகூட மருந்துக் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"பரவாயில்லம்மா. பவுடரை மட்டும் காட்டு."

உள்ளே விற்பனைக்கு இர்பானா என்ற பெண் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருக்க வேண்டும், ஜாஹ்னவியை அடையாளம் தெரியவில்லை. அவர் நீட்டிய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். நிறத்தின் எண் எழுதியிருந்த இடம் விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது.

"பேக்கிங் மாத்திட்டாங்க சார். நம்பரெல்லாம் மாறிடுச்சு. யாருக்கு சார், பொண்ணுக்கா?"

"ஆமா."

"அவங்களையே கூட்டிட்டு வந்தீங்கன்னா தாடையில போட்டுப் பார்த்து எடுத்துடலாம். நிறம் ஒண்ணு தப்பினாலும் முகம் வெளுத்துத் தெரியும்."

ஜாஹ்னவி கண்ணாடி அலமாரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அற்புதசாமி தன் தாடையை நிமிர்த்தி நீட்டினார்.

"எனக்குப் போட்டுப் பாரும்மா. அவளுக்கு என் நிறம்தான். என் தோல்தான்."

கொலுசு வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நரைத்த மீசை வைத்த ஒரு ஆள் கடை நடுவில் நின்று முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவர் சட்டை செய்யவில்லை. இர்பானா ஒவ்வொன்றாகத் தொட்டு ஒற்றினாள். முதலில் போட்டது வெளுத்தது, அடுத்தது செம்மண் மாதிரி இருந்தது. இன்னொன்றை ஒற்றியதும் அது தோலுக்குள் போய்க் காணாமல் போனது.

"இதுதான்," என்றாள் ஜாஹ்னவி.

"எண்ணெய்த் தோல்ல இது நல்லாப் பிடிக்கும் சார்," என்று இர்பானா பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள். "பஞ்சை வாரா வாரம் துவைக்கச் சொல்லுங்க, அழுக்குப் பஞ்சாலயே பரு வரும். ராத்திரி முகம் கழுவாம படுத்துடக் கூடாது. சொல்லிடுங்க."

"சொல்றேன்மா," என்றார் அற்புதசாமி.

வாசலில் ஜாஹ்னவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரேன் அங்கிள். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்."

"வேணாம்மா. நல்லபடியா உன் கல்யாணம் நடக்கணும். அவ இருந்தா அதைத்தான் சொல்லுவா." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பைக்கை உதைத்தார். அவளைப் பார்த்தால் கிளம்ப முடியாது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் ஆசீர் வந்திருந்தான். லின்சியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைப் பட்டு உடுத்தி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பூக்கிரீடம் வைத்தாகிவிட்டது. சவரியம்மா ஓடிகோலன் வாசனைத் தண்ணீரில் நனைத்த துணியால் முகத்தைத் துடைத்து முடித்து, டால்கம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "சாமியார் வந்து காத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்றாள்.

"வாங்கியாச்சுல்ல? இப்ப சந்தோஷமா உங்களுக்கு?" என்றாள் லூர்துராணி. குரலில் அவ்வளவு வெறுப்பு. அவர் மகளின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, பஞ்சில் துளி தொட்டு, கன்னத்தில் ஒற்றினார். தேய்க்கவில்லை.

பவுடர் ஒட்டவில்லை. சரிந்து, பட்டுச் சேலையின் கரையில் பொடிப்பொடியாக விழுந்தது. நெற்றியில் ஒற்றினார், அதுவும் உதிர்ந்தது.

"பாத்தியா, பிடிக்கவே இல்ல," என்றாள் சவரியம்மா. "இதுக்கா இவ்வளவு தூரம் போன? தள்ளுடா, நான் ரெண்டு தட்டுத் தட்டி விடுறேன்."

அற்புதசாமி மகளின் கன்னத்தை விரலால் தொட்டார். காய்ந்து கிடந்தது. மூக்கோரத்தைத் தொட்டார், தாடையைத் தொட்டார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. கழுவிக் கழுவிப் பார்த்து, ஒற்றி ஒற்றிப் பார்த்து, கடை கடையாய் அலைந்தும் ஓயாத எண்ணெய், ஒரே நாளில் நின்றுபோயிருந்தது. மகள் செத்துப்போனாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னபோது தெரியவில்லை, ஐஸ் பெட்டி வந்து இறங்கியபோதும் தெரியவில்லை. அடக்கி வைத்த அழுகையெல்லாம் ஒன்றாகக் கிளம்பி, அந்த மனிதர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கதறினார். ஆசீர் ஓடி வந்து தோளைப் பிடித்தான். தெருவே உள்ளே எட்டிப் பார்த்தது.

கதறி ஓய்ந்த பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. வெயிலில் பைக் ஓட்டி வந்த முகம், அழுத முகம், வழக்கம்போல நெற்றியும் மூக்கும் எண்ணெயில் பளபளத்தன. வலது கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் தன் நெற்றியை வழித்தார். அந்த விரலை லின்சியின் கன்னத்தில் வைத்து, மெல்லப் பரப்பினார். மறுபடி தன் மூக்கோரத்தில் வழித்து, அவள் தாடையில் தடவினார். சவரியம்மா டால்கம் டப்பாவை மூடினாள்.

பஞ்சை எடுத்து ஒற்றினார். பவுடர் பிடித்தது. வெளுக்கவில்லை, சாம்பல் பூக்கவில்லை. தினமும் ஜன்னல் வழியே பார்த்த அதே மாநிறக் கன்னம்.

லூர்துராணி எழுந்து வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கக் கன்னத்துல விட்டுப்போச்சு பாருங்க," என்றாள்.

அவர் மறுபடி தன் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனார்.